வென்டி சட்டை தோளில் ஏறவில்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'கென்ஷின் இம்பாக்ட்' கேமில் வரும் வென்டி வேஷத்துக்காக ஆன்லைனில் 4,600 ரூபாய்க்கு காஸ்ப்ளே டிரஸ் வாங்கினேன். 'ஆண்கள் எல்' என்றுதான் ஆர்டர் போட்டேன். பிரித்துப் பார்த்தால் மார்பில் டார்ட் (துணியை மடித்துத் தைக்கும் பிடிப்பு) வைத்த பெண்கள் தையல். தோள் 14 இஞ்ச், எனக்கோ 17. ஃபோன் செய்தால், "இது லேடீஸ் கேரக்டர்தானே சார், உங்களுக்கா?" என்று அந்தப் பக்கம் சிரிப்பு. கூச்சமாகிப்போய் வைத்துவிட்டேன். 'ரிட்டர்ன் கிடையாது' என்று பில்லிலேயே இருக்கிறதாம். காசு போனது போனதுதானா?

பதில்: போகவில்லை தம்பி. ஆனால் நீங்கள் ஃபோனை வைத்தீர்களே, அதுதான் அவர்களுக்கு லாபம். இந்த மாதிரி டிரஸ் விற்கும் சிலருக்கு வாங்குபவனின் கூச்சம்தான் மூலதனம். நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று பையன்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

முதலில் அந்தச் சிரிப்புக்குப் பதில். வென்டி ஆண்தான். 2020 செப்டம்பரில் அந்த கேம் வந்த நாளிலிருந்து அப்படித்தான். இறந்துபோன தன் நண்பனான ஒரு பாணனின் உருவத்தை எடுத்துக்கொண்ட காற்று தேவன் அவன். (இன்னும் கதையை முடிக்காதவர்கள் மன்னிக்கவும்.) இரட்டைப் பின்னலும், வெள்ளை ஸ்டாக்கிங்ஸும், இடுப்பை இறுக்கும் கச்சும் பார்த்துப் பெண் என்று நினைப்பவர்கள் ஏராளம். விற்பனையாளரும் அப்படி நினைத்திருக்கலாம். அது அவர் பாடு. நீங்கள் வாங்கியது கேரக்டரை அல்ல, அளவை.

இனி வேலைக்கு வருவோம். வாங்கிய பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். அதில் அளவு அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். 'ஆண்கள் எல், தோள் 17' என்று இருந்தால் உங்கள் கேஸ் கல்லு மாதிரி. அட்டவணையே போடாமல் வெறும் 'ஆண்கள் எல்' என்று மட்டும் விற்றிருந்தாலும் பரவாயில்லை, பெண்கள் தையலை அந்தப் பெயரில் அனுப்ப முடியாது. ஆனால் கீழே பொடி எழுத்தில் 'எல், தோள் 14' என்று போட்டிருந்து நீங்கள் பார்க்காமல் விட்டிருந்தால், உள்ளதைச் சொல்கிறேன், உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம்தான்.

'ரிட்டர்ன் கிடையாது' என்று பில்லில் அச்சடித்தால் எல்லாம் முடிந்துவிடாது. விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லை என்றால் விற்பனையாளர் திருப்பி வாங்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பதற்கு இது உதவாது. உங்களுக்கு நடந்தது அதுவல்ல.

ஃபோன் இனி வேண்டாம். எல்லாம் எழுத்தில். சட்டையைத் தரையில் விரித்து, தோளின் குறுக்கே இஞ்ச் டேப்பை வைத்து, எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். டேக்கை அறுக்காதீர்கள், இன்னொரு தடவை போட்டும் பார்க்காதீர்கள், அக்குள் வியர்வைக் கறையைக் காட்டியே 'உபயோகித்த துணி' என்பார்கள். அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு இப்படி நாலு வரி போதும்: 'ஆர்டர் செய்தது ஆண்கள் எல். வந்தது பெண்கள் தையல், தோள் 14 இஞ்ச். படம் இணைத்துள்ளேன். முழுப் பணமும் திருப்பித் தரவும்.' எதற்கு வாங்கினீர்கள், ஏன் உடுத்துகிறீர்கள் என்ற விளக்கம் ஒரு வரிகூட வேண்டாம். வேட்டி வாங்கினவனிடம் யாராவது காரணம் கேட்கிறார்களா?

48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, 1915க்கு அடியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த பெரிய வசதி இது. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷம் வரை நேரம் உண்டு. அதற்காக இரண்டு வருஷம் யோசிக்காதீர்கள். விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் ஆணையத்தில் இழுத்துப் பிடிப்பது கஷ்டம். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேளுங்கள்.

அடுத்த முறைக்கு ஒரு யோசனை. நம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இன்னும் 'வள்ளி திருமணம்' நாடகம் விடிய விடிய நடக்கிறது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களில் ஸ்திரீபார்ட் (பெண் வேஷம்) கட்டியவர்கள் அத்தனை பேரும் பையன்கள். ஆண் தோளுக்குத் தைத்து, பார்க்கிறவர் கண்ணுக்குப் பெண் இடுப்பாகக் காட்டுவது நாடக டிரஸ் தைக்கிற டெய்லருக்குக் கைவந்த கலை. படத்தை முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். டார்ட் மார்பில் வேண்டாம், முதுகில் இரண்டு பிடியுங்கள் என்று சொல்லுங்கள், இடுப்பு தானாக ஒடுங்கும். மேல்துணி எதுவானாலும் உள்ளே காட்டன் லைனிங் கேளுங்கள். சித்திரை வெயிலில் பாலியஸ்டர் சாட்டின் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். நம் ஊர்க் கண்டாங்கிச் சேலைத் துணியில் தைத்தால் என்ன என்று கேட்டுவிடாதீர்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய நல்ல பருத்திதான், ஆனால் கட்டம் போட்ட வென்டியை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

கேள்வி: நான் கானாடுகாத்தான். சென்னையில் படிக்கும் மகள் வயிற்றுப் பேரன், காமிக் கான் என்று ஏதோ விழாவுக்கு வேஷம் கட்ட 2,200 ரூபாய்க்கு ஒரு விக் கேட்கிறான். கறுப்பில் தொடங்கி நுனியில் நீலமாக முடிகிற இரட்டைப் பின்னல். இவ்வளவு கொடுக்கிறதுக்கு நிஜ முடியிலேயே வாங்கினால் நாளைக்கு உதவுமே? அவன் மாமாக்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள், அது வேறு.

பதில்: ஆச்சி, மாமாக்களை வளவுக்குக் கூட்டிப் போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய போட்டோக்களைக் காட்டுங்கள். மொட்டை அடிப்பதற்கு முன்னால் ஜடை பின்னி, பூ வைத்து, பட்டுப்பாவாடை கட்டி ஸ்டுடியோவில் எடுத்த ஆண்பிள்ளை படம் ஒன்றாவது இருக்கும். அது அவர்களில் ஒருவராகவே இருந்தால் இன்னும் நல்லது.

நிஜ முடி வேண்டாம். விலை பல மடங்கு, அந்த நீலம் ஏற்ற முதலில் ப்ளீச் செய்ய வேண்டும், முடி நாராகிவிடும். இந்த வேஷங்களுக்குச் செயற்கை இழைதான் சரி, பின்னிய வடிவம் கலையாது. ஆனால் 'சூடு தாங்கும் இழை' என்று எழுதியிருக்கிறதா என்று பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண இழையில் ஸ்ட்ரெயிட்னர் பட்டால் பிளாஸ்டிக் பை மாதிரி உருகி ஒட்டும். வந்ததும் உள்பக்கம் நாலு இழையில் குறைந்த சூட்டில் சோதித்துவிட்டு மற்றதைத் தொடட்டும். பளபள என்று மின்னினால் மலிவு ரகம். வாங்குமுன் ஃபிளாஷ் இல்லாமல் வெயிலில் எடுத்த படம் கேட்டால் தெரிந்துவிடும். இந்த இரண்டும் தேறினால் 2,200 கொடுக்கலாம் ஆச்சி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாலைந்து விழாவுக்கு வரும்.

கேள்வி: தேவகோட்டை. தம்பி பிறந்தநாளுக்காக 'செல்டா' கேமின் ஹீரோ லிங்க், பெண் உடையில் இருக்கிற மாதிரி ஒரு ஃபேன் ஆர்ட் வரைந்து தரச் சொல்லி, இன்ஸ்டாகிராம் ஓவியர் ஒருவருக்கு 1,500 ரூபாய் முழுவதும் முன்பணமாகக் கொடுத்தேன். வந்த படத்தில் லிங்க் அசல் பெண்ணாகவே இருக்கிறான், கையில் ஆறு விரல். கேட்டால் 'அதுதான் என் ஸ்டைல்' என்கிறார்.

பதில்: ஆறாவது விரல் ஸ்டைல் இல்லை அக்கா, ஏஐயில் தட்டியெடுத்ததாகத்தான் எனக்குப் படுகிறது. அவர் கையால்தான் வரைந்தார் என்றால் லேயர் பிரித்த மூலக் கோப்பையோ பென்சில் ஸ்கெட்ச்சையோ கேளுங்கள். வரைந்தவரிடம் அது பெரும்பாலும் இருக்கும். இல்லை என்றால் பணத்தைக் கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு செய்து தரும் சேவைக்கும் அதே சட்டம்தான், அதே 1915தான்.

2017இல் வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' என்ற செல்டா கேமில், பெண்கள் மட்டும் வாழும் கெருடோ ஊருக்குள் ஆண்களை விட மாட்டார்கள். முகத்திரையும் அந்த ஊர்ப் பெண்கள் போடும் தொளதொள கால்சட்டையும் போட்டுக்கொண்டு லிங்க் உள்ளே நுழைவான். பையன் என்பது நமக்குத் தெரியும், காவல்காரிக்குத் தெரியாது, அதுதான் அதில் ருசி. நீங்கள் வாட்ஸ்அப்பில் 'பெண் உடையில் லிங்க்' என்று மட்டும் அனுப்பியிருந்தால், உருவத்தைப் பற்றி அவரோடு மல்லுக்கட்ட முடியாது, விரலைப் பற்றி மட்டும்தான். 'உடம்பு பையன், உடை கெருடோ' என்று எழுதி, கேமிலிருந்து இரண்டு படமும் சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும். கேரக்டர் விவரமும் பழசாகிப்போகும். 2002இல் 'கில்டி கியர்' கேம் தொடரில் பெண் உடையில் வளர்ந்த பையனாக வந்த பிரிட்ஜெட், 2022இல் தன்னைப் பெண் என்றே சொல்லிக்கொண்டாள். 'பையன்' என்ற பழைய வரி அச்சிட்ட பிரிட்ஜெட் போஸ்டர்களை யாராவது மலிவாகத் தள்ளினால் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

இனிமேல் யாருக்கானாலும் மூன்று தவணை: பேசி முடித்ததும் கொஞ்சம், ஸ்கெட்ச் பார்த்ததும் கொஞ்சம், மீதி கைக்கு வந்த பிறகு.