அரசுப் பொறியாளர் ஆனால் பசுமைக் கட்டடங்களுக்காக உண்மையில் எதையாவது செய்ய முடியுமா?

சிவில் இறுதியாண்டு படிக்கிறீர்கள், பசுமைக் கட்டடங்களில் ஆர்வம் இருக்கிறது, அரசு வேலையில் அதற்கு இடம் உண்டா அல்லது கோப்புகளோடு காலம் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாடு பொதுப்பணித் துறையின் கட்டடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இடம் நிறையவே உண்டு. ஆனால் அது அந்தக் கோப்புகளுக்குள்தான் இருக்கிறது. கோப்பைக் கண்டாலே எரிச்சல் வரும் என்றால் தனியார் நிறுவனமே உங்களுக்கு உத்தமம்.

மின்சாரத்தையும் தண்ணீரையும் சிக்கனமாகப் பயன்படுத்தும் பசுமைக் கட்டடம் என்றதும் பலர் டெல்லியின் இந்திரா பர்யாவரண் பவனை நினைத்துக்கொள்கிறார்கள். 2014-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் கூரையில் 930 கிலோவாட் சூரிய மின்தகடுகள் இருக்கின்றன. கட்டியது மத்தியப் பொதுப்பணித் துறை. அரசுப் பொறியாளர்களுக்கு இதெல்லாம் எங்கே வரும் என்று யாராவது சொன்னால் தாராளமாக அதைக் காட்டுங்கள். ஆனால் அப்படி ஒரு வேலை உங்கள் பணிக்காலம் முழுவதும் உங்கள் மேசைக்கு வராமலே போகலாம். வரப்போவது பள்ளிக்கு வகுப்பறைகள், வட்டாட்சியர் அலுவலகம், மாணவர் விடுதி, ஆரம்ப சுகாதார நிலையம். மத்திய அரசு 2007-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய எரிசக்திச் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு, 100 கிலோவாட் இணைப்புச் சுமைக்கு (கட்டடத்தின் மின்சாதனங்களின் மொத்த மின்திறன்) மேற்பட்ட கட்டடங்களுக்குத்தான். நான் சொன்ன கட்டடங்களில் பெரும்பாலானவை அந்த வரம்பை எட்டிப் பார்ப்பதே இல்லை. அங்கே பொறியாளர் தாமாக முனைந்து செய்தால்தான் உண்டு.

முதல் வாய்ப்பு, செலவு மதிப்பீடு தயாராவதற்கும் முன்னால் வருகிறது. இந்த வகைக் கட்டடங்களுக்குப் பெரும்பாலும் மாதிரி வரைபடம் ஒன்று இருக்கும். இடத்தை வருவாய்த் துறை காட்டும். அந்த வரைபடத்தை அந்த இடத்தில் எப்படித் திருப்பி வைப்பது என்பது பல நேரம் உதவிப் பொறியாளர் போடும் கோடுதான். நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும்படி வைத்தால் சாதாரண சன்ஷேடே வெயிலைத் தடுத்துவிடும். மேற்கு பார்த்த நீளச் சுவரில் பிற்பகல் வெயில் தாழ்வாக வந்து நேரே விழும். அதற்கு எந்த சன்ஷேடும் போதாது. கட்டடத்தைத் திருப்பி வைக்க ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. எதிர்ப்பு மட்டும் வரும். முகப்பு சாலையைப் பார்க்க வேண்டும் என்பார் தலைமையாசிரியர். வாஸ்து என்பார் உள்ளூர்ப் பிரமுகர். வாசலை மட்டும் சாலைப் பக்கம் வைத்துக் கட்டடத்தைத் திருப்பிக்கொள்ளும் சாமர்த்தியம் எந்தக் கல்லூரிப் பாடத்திலும் கிடையாது.

அடுத்தது விலைப்பட்டியல், அதாவது பொருளுக்கும் வேலைக்கும் துறை நிர்ணயிக்கும் விலைகளின் பட்டியல். ஆண்டுதோறும் வெளியாகும் இந்தப் பட்டியலில் இல்லாத பொருளை மதிப்பீட்டில் சேர்த்தால் விலைப்புள்ளிகள் வாங்க வேண்டும், டேட்டா (அந்த வேலைக்கு ஆகும் பொருள், கூலிக் கணக்கு) தயாரிக்க வேண்டும், மேலதிகாரியின் ஒப்புதல் பெற வேண்டும், பிற்பாடு தணிக்கைக்கும் பதில் எழுத வேண்டும். யார் இதற்கெல்லாம் மெனக்கெடுவார்கள்? எனவே நல்ல பொருள் ஒன்று பட்டியலில் ஏறுவதுதான் உண்மையான திருப்பம். சாம்பல் செங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அனல் மின்நிலையச் சாம்பலைக் கட்டுமானத்தில் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 1999-இலேயே அறிவிக்கை வெளியிட்டது. 2016-இல் அதன் வரம்பை மின்நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டர் வரை நீட்டியது. எண்ணூர், மேட்டூர், தூத்துக்குடி, நெய்வேலி என்று நமக்குச் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. இருந்தும், பட்டியலில் ஒரு வரியாக அது நின்ற பிறகுதான் களத்தில் இருப்பவர் அச்சமில்லாமல் அதை எழுதினார். வயலின் மேல்மண்ணைச் சுரண்டிச் சூளையில் சுடும் வேலை அந்த ஒரு வரியால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதை ஏற்றியவருக்கு யாரும் கேடயம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஒப்பந்தப்புள்ளியிலும் இதே கதைதான். 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி, தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை போகும். விவரக்குறிப்பில் எழுதாத எதையும் அவர் செய்யப் போவதில்லை. செய்யச் சொல்லவும் நமக்கு வாயில்லை. மேல்தளத்தில் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவைக்கு மேல் வெள்ளைக் குளிர் ஓடு வேண்டும் என்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும். மேல்மாடி வகுப்பறையில் மே மாதம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டின் அருமை தெரியும்.

இனி, என்னை இன்றுவரை ஆற்றாமையில் வைத்திருக்கும் விஷயம். கட்டுமானச் செலவு அரசு நிதி ஒதுக்கீட்டில் ஒரு கணக்குத் தலைப்பில் வருகிறது. மின்கட்டணம் வேறொரு துறையின் வேறொரு தலைப்பில் போகிறது. நல்ல காற்றோட்டத்துக்கும் வெப்பத் தடுப்புக்கும் இன்று சற்றுக் கூடுதலாகக் கேட்டால், ஆண்டுதோறும் மிச்சமாகும் மின்கட்டணம் கேட்டவரின் கணக்கில் வராது. ஒருமுறை விடுதிக் கட்டடம் ஒன்றுக்கு இருபது ஆண்டு மின்செலவைக் கணக்கிட்டு மதிப்பீட்டோடு இணைத்தேன். "அது நம்ம தலைப்பு இல்லையே சார்" என்று அந்தப் பக்கத்தை மட்டும் உருவித் திருப்பித் தந்தார்கள். பராமரிப்புத் தலைப்போ இன்னும் ஏழை. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது கட்டிய தொட்டிகளைத் தூர்வார ஆண்டுக்கு ஒரு சிறு தொகை போதும். அந்தச் சிறு தொகைக்குத்தான் பெரும்பாடு.

கட்டடங்களுக்குத் தரும் பசுமைச் சான்றிதழ்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஓமந்தூரார் வளாகத்தில் 2010-இல் திறக்கப்பட்ட சட்டமன்ற, தலைமைச் செயலகக் கட்டடம் பசுமைச் சான்று பெற்றது. 2011-இல் செயலகம் கோட்டைக்குத் திரும்பியது. 2014-இல் அந்தக் கட்டடம் மருத்துவமனையானது. அரசியலை விடுங்கள். அலுவலகத்துக்காகப் போட்ட எரிசக்திக் கணக்கு அறுவை அரங்குக்கு எப்படிப் பொருந்தும்? பயன்பாடு மாறினாலும் தாங்கும்படி அரசுக் கட்டடத்தை வடிவமைப்பது பசுமையில் சேரும் என்பது என் கட்சி. இருக்கும் பழைய கட்டடத்தை இடிக்காமல் சரிசெய்வது அதைவிடச் சேரும்.

பசுமைச் சான்றிதழ்த் தேர்வு எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள், ஆனால் டிஎன்பிஎஸ்சி தேர்வில் அதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. அதைவிட முதலில், நடப்பு விலைப்பட்டியலைத் தேடி எடுத்து, செங்கல் வேலை, மேல்தளம், ஜன்னல் ஆகிய பகுதிகளை மட்டும் வரிவரியாகப் படித்துப் பாருங்கள். சலிப்பு வராமல், 'இது ஏன் இங்கே இல்லை?' என்ற கேள்வி எழுந்தால் விண்ணப்பம் போடுங்கள்.