டப்பா தேடிப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, ஒன்பது வயதுப் பையன் சனி ஞாயிறு முழுக்க டேப்லெட்டோடு கிடக்கிறான், ஆபீசில் யாரோ "சைக்கிளை எடுத்துக்கொண்டு கேப் டிரெயில் என்கிற பாதையில் போங்கள், வழியில் ஜியோகேஷிங் ஆடலாம், யாரோ ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் தேடிப் பிடிக்கிற விளையாட்டு" என்றார்கள், ஆனால் புது ஊரில் மரத்தடியிலும் பாலத்தடியிலும் கையை விட்டுத் துழாவினால் யாராவது போலீசைக் கூப்பிட மாட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். கூப்பிடுவார்கள். எனக்கே நடந்திருக்கிறது.

நான் வந்த புதிதில் ஒரு கடை வளாகத்தின் கார் நிறுத்தத்தில் தேடினேன். விளக்குக் கம்பத்தின் அடியில் போல்ட்டை மறைக்க ஒரு தகர மூடி பாவாடை மாதிரி இருக்கும், அதைத் தூக்கினால் கீழே டப்பா இருக்கும். இந்த விளையாட்டில் இது பழைய ஒளிப்பிடம். இருட்டுகிற நேரம், சுடிதாரில் மண்டியிட்டு அதைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன், பின்னால் போலீஸ் கார் வந்து நின்றுவிட்டது. ஆப்பைக் காட்டினேன், இரண்டு நிமிடத்தில் போய்விட்டார், அவருக்கும் விளையாட்டு தெரிந்திருந்தது. ஆனால் காருக்குள் இருந்த என் மகள் வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி உண்டு. விளையாடத் தெரியாத வழிப்போக்கர்களை இவர்கள் "மகிள்" என்பார்கள், மகிள் கண்ணில் படாமல் எடு என்பது விளையாட்டின் மரபு. நான் அதைக் கடைப்பிடிப்பதில்லை. பளிச்சென்ற சட்டை, எல்லோரும் பார்க்கும்படி சாய்த்து வைத்த சைக்கிள், பையனைச் சத்தமாகப் பேசவிட்டுத் தேடுவது. யாராவது உற்றுப் பார்த்தால் நாமே "ஜியோகேஷிங்" என்று சொல்லிவிடலாம், பெரும்பாலும் அவர்களும் குனிந்து தேட ஆரம்பித்துவிடுவார்கள். டிரெயிலில் இந்தப் பயம் இன்னும் குறைவு, ஏனென்றால் அங்கே பாதிப்பேர் ஆற்றையோ பறவையையோ பார்த்துக்கொண்டு சும்மா நிற்பவர்கள்தான். அதனால் ஊருக்குள் ஆரம்பிக்காதீர்கள், பாதையில் ஆரம்பியுங்கள்.

விளையாட்டே ஜிபிஎஸ்ஸால் பிறந்ததுதான். பொதுமக்களுக்கு வரும் ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்ததை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. உடனே, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் பக்கம் காட்டில் ஒரு வாளியைப் புதைத்துவிட்டு அது இருக்கும் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். அந்த வாளியில் ஒரு பீன்ஸ் டின்னும் இருந்தது. இன்றைக்கு டப்பாவில் சாப்பாட்டுப் பொருள் வைத்தால் திட்டுவார்கள், வாசனைக்கு அணிலும் ரக்கூனும் வந்து பிய்த்துப் போட்டுவிடும்.

கேப் என்பது கிரேட் அலெகெனி பாசேஜ். பிட்ஸ்பர்க்கிலிருந்து மேரிலாந்தின் கம்பர்லாண்ட் வரை 150 மைல், பெரும்பாலும் கைவிடப்பட்ட ரயில் பாதை மேல் சுண்ணாம்புக்கல் பொடி போட்டுக் கெட்டித்தது. ரயில் போன தடம் என்பதால் செங்குத்து ஏற்றமே கிடையாது, குழந்தை மிதிக்கலாம். கட்டணமும் இல்லை. ஆனால் 150 மைலைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். முதல் தடவைக்குக் கான்ஃப்ளுயன்ஸிலிருந்து ஒஹையோபைல் வரை, 11 மைல், ஆற்றோடு சேர்ந்து மெல்ல இறங்குகிற பாதை. இந்தப் பாதையில் முதன்முதலாக, 1986இல், திறந்ததும் இந்தப் பக்கம்தான். பெயரைப் பாருங்கள், கான்ஃப்ளுயன்ஸ் என்றால் கூடுதுறை. மூன்று நீர் அங்கே சேர்கிறது, அதில் பெரியது யாக்கியோகேனி, உள்ளூர்க்காரர்கள் வாயில் வெறும் "யாக்". நான் பவானிக்காரி, எங்கள் கூடுதுறையிலும் மூன்று நதி என்பார்கள், ஆனால் மூன்றாவது கண்ணுக்குத் தெரியாது. இங்கே மூன்றையும் விரல் நீட்டிக் காட்டலாம்.

பள்ளத்தாக்குக்குள் போன் சிக்னல் பல இடங்களில் இருக்காது. முந்தின இரவே வைஃபையில் வரைபடத்தையும் டப்பா விவரங்களையும் ஸ்கிரீன்ஷாட்டாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜியோகேஷிங் ஆப்பில் இலவசக் கணக்கே ஆரம்பத்துக்குப் போதும், சில டப்பாக்களும் சில வசதிகளும் மட்டும் காசு கட்டினவர்களுக்குத்தான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் இருக்கும்: கண்டுபிடிக்க எவ்வளவு கடினம், இடம் எவ்வளவு கரடுமுரடு. இரண்டும் ஒன்றிலிருந்து ஐந்து வரை. பையனோடு போகும்போது இரண்டைத் தாண்டாதீர்கள். ஐந்து என்றால் கயிறோ படகோ வேண்டியிருக்கும், அது நமக்கு எதற்கு.

அப்புறம், ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்கக் கூடாது. டப்பாக்களுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் விடச் சொல்வது விதி, அவ்வளவு அடுத்தடுத்தும் இருக்கலாம், அதனால் நிறுத்தி, தேடி, எழுதி, மறுபடி ஏறி என்று போனால் 11 மைல் அரை நாளைத் தின்னும். நின்றால் பாதையை விட்டு ஓரமாக இறங்குங்கள். பின்னால் வருகிறவர் மணி அடித்து "ஆன் யுவர் லெஃப்ட்" என்பார், உங்கள் இடப்பக்கமாகத் தாண்டிப் போகிறேன் என்று அர்த்தம், பையன் இடப்பக்கமாகப் பாய்ந்துவிடப் போகிறான், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பென்சில்வேனியாவில் 12 வயதுக்குக் கீழே ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம்.

கிட்டே வந்ததும் போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். நல்ல வெளியிலேயே ஐந்து மீட்டர் அப்படி இப்படிக் காட்டும், மரமும் மலைச்சரிவும் இருந்தால் அம்புக்குறி நம்மைச் சுற்றிச் சுற்றி அலையவிடும். இனி கண்தான். காட்டில் குச்சி தானாக விழுந்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும்; ஒரே நீளத்தில், ஒரே திசையில், வரிசையாகச் சாய்ந்து கிடந்தால் யாரோ அடுக்கியது. என் மகள் அதை என்னைவிட முன்னால் கற்றுக்கொண்டாள். டப்பாவுக்குள் சுருட்டின தாளில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். பொம்மை ஏதாவது எடுத்தால் அதே மதிப்பில் ஒன்று வைக்க வேண்டும். இருந்த இடத்தில், இருந்தபடியே மூடி வைக்க வேண்டும்.

பயப்பட வேண்டியது போலீசுக்கு அல்ல, இலைக்கு. பாய்சன் ஐவி, மூன்று மூன்று இலையாக, கொடியாக மரத்தில் ஏறியிருக்கும். நம் ஊர்ச் சேராங்கொட்டையும் மாமரமும் முந்திரியும் இதுவும் ஒரே குடும்பம், சேராங்கொட்டைப் பால் பட்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். அதன் எண்ணெய் கையுறையிலும் ஹேண்டில்பாரிலும் ஒட்டிக்கொண்டு மறுநாளும் கடிக்கும், நான் அப்படித்தான் ஒரு வாரம் தூங்காமல் சொறிந்தேன். பட்டது தெரிந்தால் உடனே சோப்பும் குளிர்ந்த தண்ணீரும். அடுத்தது உண்ணி. உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் அதிகம் பதிவாகிற மாநிலங்களில் பென்சில்வேனியாவும் ஒன்று, மான் உண்ணிக் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகுங்கள், வீட்டுக்கு வந்ததும் காதுக்குப் பின்னால், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள். பையன் கூச்சப்பட்டாலும் பாருங்கள். நவம்பர் கடைசியில் மான் வேட்டைப் பருவம் சூடு பிடிக்கும், அப்போது ஆரஞ்சுச் சட்டை இல்லாமல் காட்டுப்பக்கம் வேண்டாம்.

அக்டோபரில் இலை நிறம் மாறுகிற சனிக்கிழமைகளில் ஒஹையோபைலில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். சைக்கிள் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், பையன் அளவில் இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சின்ன டப்பாக்களில் எழுத எதுவும் இருக்காது, பேனா இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கண்டிப்பாக எழுதாது.