ஆறரை மாதக் குழந்தை ராகிக் கூழைத் துப்பினால்

வணக்கம் சகோதரி. பாப்பா மூன்று நாளாகக் கூழை நாக்கால் வெளியே தள்ளுகிறாள், மாமியார் தேன் தொட்டு வைக்கச் சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் தேன். ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், குழந்தை துவண்டுவிடும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. மாமியாரிடம் நீங்கள் சொல்வதைவிட டாக்டர் வாயால் சொல்ல வைப்பது நல்லது (என் வீட்டில் அப்படித்தான் முடிந்தது).

நாக்கால் தள்ளுவது வெறுப்பு இல்லை, இதுவரை பால் சப்பிய பழக்கம். சில நாளில் போய்விடும். கூழை நீர்க்கக் கரைத்துப் பாட்டிலில் கொடுக்காதீர்கள். கரண்டியைச் சாய்த்தால் உடனே ஒழுகாத பதம் வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்து இரண்டு மூன்று கரண்டியோடு நிறுத்துங்கள். உப்பு, சர்க்கரை வேண்டாம். தாய்ப்பால் வழக்கம்போல் தொடரட்டும்.

கூழோடு நின்றுவிடவும் வேண்டாம். இந்த வயதில் இரும்புச்சத்து தேவை: குழைந்த பருப்புசாதம், நன்றாக வெந்த முட்டை, சாப்பிடுகிற வீடானால் மசித்த ஈரல். புதிய உணவை ஒவ்வொன்றாக, காலையில் கொடுங்கள். தடிப்போ வாந்தியோ வந்தால் பகலிலேயே தெரியும். முழு வேர்க்கடலை, திராட்சை தொண்டையை அடைக்கும்.

ஓங்கரித்து இருமினால் பயமில்லை. சத்தமே வராமல் திணறி முகம் நீலமானால் அதுதான் ஆபத்து. அதற்கான முதலுதவியை அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.