மூன்று பென்ஸ் டீ வரிக்குப் போய் அமெரிக்கர்கள் ஏன் அவ்வளவு கலாட்டா செய்தார்கள்?

கேட்டவர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். ஒரு பவுண்டு டீக்கு மூன்று பென்ஸ்தான் வரி, 1773 சட்டத்தால் டீ விலையே குறைந்தது, அப்புறம் எதற்கு பாஸ்டனில் கடலில் கொட்டினார்கள் என்பது உங்கள் கேள்வி. வரலாறு என் துறை இல்லை. தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்ட் வேலை, அதாவது இறக்குமதிச் சரக்கை கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துக் கொடுக்கிற வேலை பார்க்கிறவன். ஆனால் "வரி கம்மிதானே, ஏன் கத்துகிறார்கள்" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எங்களுக்கு இடமில்லை, அதனால் வரி போட உனக்கு உரிமையில்லை என்று அவர்கள் சொன்னதை மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். சரிதான், நான் மறுக்கவில்லை. எனக்குக் கண்ணில் படுவது காகிதம்.

1733-லேயே பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து அமெரிக்காவுக்கு வரும் மொலாசஸுக்கு (கரும்புப் பாகு) கேலனுக்கு 6 பென்ஸ் வரி போட்டார்கள். ரம் காய்ச்ச அதுதான் மூலப்பொருள். அந்த வரியை ஒழுங்காகக் கட்டியவர்கள் குறைவு. அதிகாரி கையில் கொஞ்சம் வைத்துவிட்டுச் சரக்கை இறக்கினார்கள். 1764-ல் அதை 3 பென்ஸ் ஆக்கினார்கள். பாதியாகக் குறைத்த பிறகுதான் கோபம் ஏறியது! காரணம், நிஜமாகவே வசூலிக்கக் கிளம்பிவிட்டார்கள். கப்பலில் என்ன இருக்கிறது என்று பட்டியல், ஜாமீன் பத்திரம், துறைமுகச் சான்று என்று அடுக்கினார்கள். ஒன்று குறைந்தாலும் பறிமுதல். வழக்கு ஜூரி இல்லாத அட்மிரால்டி கோர்ட்டுக்கு (கடல் வழக்குகளை விசாரிக்கும் கோர்ட்) போகலாம். அதில் ஒன்றை எங்கோ வடக்கே, இன்றைய கனடாவில் உள்ள ஹாலிஃபாக்ஸில் வைத்தார்கள். சரக்கு யோக்கியமானது என்று உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். ஜெயித்தாலும், பிடித்ததற்கு நியாயமான காரணம் இருந்தது என்று நீதிபதி எழுதிவிட்டால் அதிகாரியிடம் நஷ்டஈடு கேட்க முடியாது. பறிமுதல் பணத்தில் கவர்னருக்கும் அதிகாரிக்கும் பங்கு வேறு.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் பார்ட்டி (வாடிக்கையாளர்) ஒருவர்தான் ஞாபகம் வருவார். மதுரைப் பக்கம் சின்னதாக பேக்கிங் யூனிட் வைத்திருக்கிறார். சீனாவிலிருந்து ஒரு மெஷின் இறக்கினார். நாங்கள் போட்ட எச்எஸ் கோடு (சரக்கு எந்த வகை, எவ்வளவு டியூட்டி என்று முடிவு செய்யும் எண்) பொருந்தாது, வேறு தலைப்பில் வரும் என்று குவரி வந்தது. டியூட்டி வித்தியாசம் பெரிய தொகை இல்லை. கட்டித் தொலைக்கிறேன் என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் கேட்லாக் கேட்டார்கள், கொடுத்தோம். விளக்கம் கேட்டார்கள், எழுதினோம். பார்க்கிற அதிகாரி மாறினார், மறுபடியும் முதலிலிருந்து. அதற்குள் கன்டெய்னரைத் திருப்பாததற்குக் கப்பல் கம்பெனி போடும் டிடென்ஷன் ஓட, யார்டில் இடத்துக்கான கிரவுண்ட் ரென்ட் ஓட, இரண்டும் சேர்ந்து டியூட்டி வித்தியாசத்தைத் தாண்டிவிட்டது. மனிதர் யார்டு கேட்டில் நின்று, "டியூட்டியை வேணா இன்னும் ஏத்திக்கோங்க சார், பெட்டியை விடுங்க" என்று கத்தினார். செக்யூரிட்டி பாவம், அவருக்கு என்ன தெரியும்.

உடனே கமென்டில் சண்டைக்கு வராதீர்கள். நல்ல அதிகாரிகள் நிறைய உண்டு, அவர்களால்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது. கோடு தப்பாகப் போட்டு ஏய்க்கிற இறக்குமதியாளர்களும் உண்டு. பாஸ்டன் வியாபாரிகளிலும் டச்சு டீ கடத்தியவர்கள் இருந்தார்கள், யாரும் புத்தர் இல்லை.

1765 ஸ்டாம்ப் சட்டம், 1767-ல் கண்ணாடி, காகிதம், ஈயம், பெயின்ட், டீ மேல் வந்த வரிகள் எல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கும். 1770-ல் டீ வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற வரிகளை எடுத்தார்கள். 1773-ல் கடனில் கிடந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு (நம் சென்னைக் கோட்டையில் இருந்த அதே கம்பெனிதான்) லண்டன் கிடங்கில் தேங்கிய சீன டீயை நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்ப அனுமதி கிடைத்தது. கம்பெனி நியமித்த சில பேர் மட்டுமே விற்கலாம். பாஸ்டனில் அதில் இருவர் மாசசூசெட்ஸ் கவர்னர் ஹட்சின்சனின் மகன்கள். கடத்தினவனுக்கும் போச்சு, ஒழுங்காக வரி கட்டி விற்றவனுக்கும் போச்சு.

டார்ட்மத் என்ற டீக் கப்பல் 1773 நவம்பர் 28 அன்று பாஸ்டனுக்கு வந்தது, அப்புறம் கஸ்டம்ஸில் பதிவானது. வந்து பதிவான கப்பல் 20 நாளுக்குள் டியூட்டி கட்டாவிட்டால் சரக்கைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது சட்டம். கப்பல்காரர் பிரான்சிஸ் ராட்ச், இருபத்து மூன்று வயதுப் பையன். டீயை இறக்க ஊர் விடவில்லை. திருப்பி எடுத்துப் போகக் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வேண்டும், டியூட்டி கட்டாமல் அது கிடைக்காது. அது இல்லாமல் கவர்னர் பாஸ் தரமாட்டார், பாஸ் இல்லாமல் போனால் கோட்டைப் பீரங்கி சுடும். டிசம்பர் 16 அன்று மில்டனில் இருந்த ஹட்சின்சன் வீட்டுக்கே போய்க் கேட்டுப் பார்த்தார். கவர்னர் முடியாது என்றார். பையன் திரும்பி வந்து, ஓல்டு சவுத் கூடத்தில் காத்திருந்த ஆயிரக்கணக்கான பேரிடம் அதைச் சொன்னதும் கூட்டம் துறைமுகத்துக்குக் கிளம்பியது. மூன்று கப்பல்களில் இருந்த 342 பெட்டிகளும் தண்ணீருக்குள். பிலடெல்பியாவுக்கு வந்த கப்பலை கஸ்டம்ஸில் பதிவாகும் முன்பே ஆற்றில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அங்கே கொட்டுகிற வேலையே வரவில்லை. கஸ்டம்ஸில் என்ட்ரி (பதிவு) போட்டதும் போடாததும்தான் வித்தியாசம். இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை.

ராட்சுக்காக எனக்கு வருத்தம் உண்டு. நடுவில் மாட்டுகிறவனை யாரும் நினைப்பதில்லை. அந்த மதுரைப் பார்ட்டி எங்கள் ஏஜென்சி பில்லை இன்னும் தீர்க்கவில்லை. மெஷின் ஓடுகிறது, சரக்கு போகிறது, போன் செய்தால் "அண்ணே, நாளைக்குப் போட்டுர்றேன்." கேட்டில் அவரோடு வெயிலில் நின்றது நான்தான்.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்கு அதே 1773-ல் வந்த டீயை யாரும் கொட்டவில்லை என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். அங்கே 20 நாள் கெடு முடிந்ததும் கஸ்டம்ஸ் டீயைப் பிடித்துக் கிடங்கில் பூட்டியது. 1776-ல் அதை எடுத்து விற்றது புரட்சிக்காரர்களின் அரசு. அந்தப் பணம் பிரிட்டனை எதிர்த்த போர்ச் செலவுக்குப் போனது.