எழுதி வாங்கினீர்களா? – கேள்வி பதில்

வாடிக்கையாளருடன் போடும் ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில்தான் எழுத வேண்டுமா? (லோகோ வடிவமைப்பாளர், காரைக்குடி)

வேண்டியதில்லை. மின்னஞ்சலில் விவரம் எழுதி, அவர் 'சம்மதம்' என்று பதில் போட்டாலே ஒப்பந்தம்தான். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதை ஏற்கிறது. பெரிய தொகையென்றால் முத்திரைத்தாள் வாங்கிவிடுங்கள்.

முன்பணம் எவ்வளவு கேட்கலாம்? (மொழிபெயர்ப்பாளர், பள்ளத்தூர்)

பாதி. வாங்காமல் வேலையில் கை வைக்காதீர்கள்.

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை விடுதிக்காகப் படமெடுத்துக் கொடுத்தேன். அதே படங்களை நாட்காட்டியிலும் போட்டுவிட்டார்கள். உரிமை என்னுடையதுதானே?

இல்லை. பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அவருக்கே சொந்தம். 1957 பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு. வெளியிலிருந்து கட்டுரை எழுதித் தருபவருக்கு நேர்மாறு: கையெழுத்திட்டு உரிமையை மாற்றித் தரும்வரை அவருடையதே. நீங்கள் 'விடுதியின் இணையதளத்துக்கு மட்டும்' என்று முன்பே ஒரு வரி எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

அம்மான் முறை உள்ளவரின் பலகாரக் கடைக்குப் பெட்டி வடிவமைக்கிறேன். எழுத்தில் கேட்டால் தப்பாக நினைப்பாரே? (தேவகோட்டை)

ஊர்ப்பெயர் மட்டும் மாறி இதே கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. நகரத்தார் வீடுகளில் கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதுகிறார்கள். சம்பந்தி மேல் நம்பிக்கை இல்லாமலா? ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு மட்டும் உங்களுக்குக் கூச்சம் வந்துவிடுகிறது.

உறவுக்காரர் பணத்தை ஏமாற்றுவது அபூர்வம். வேலையைத்தான் வளர்ப்பார். தேன்குழல் பெட்டி என்று தொடங்குவது சீப்புச்சீடைக்கும் அதிரசத்துக்கும் நீண்டு, கடைசியில் கடைப்பலகையில் வந்து நிற்கும். 'எல்லாம் ஒரே வேலைதானே' என்பார். அப்போது சண்டை போட்டால் கெடுவது உறவு. எத்தனை பெட்டி, எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதி, எவ்வளவு முன்பணம்: நான்கையும் வாட்ஸ்அப்பில் நீங்களே எழுதி, 'சரிதானா அம்மான்?' என்று கேளுங்கள். 'சரி' என்று அவர் எழுத்தில் சொல்லட்டும். தொலைபேசியில் சொன்னது கணக்கில்லை. முன்பணத்தையும் விடாதீர்கள், அம்மானாக இருந்தாலும்.

பணம் வரவில்லை. என்ன செய்யலாம்? (புதுவயல்)

என்ன வேலை, எவ்வளவு தொகை, என்றைக்கு ஒப்படைத்தீர்கள், எதுவுமே கடிதத்தில் இல்லை. நான் ஜோதிடம் பார்ப்பதில்லை. பொதுவாக, 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடுவுக்குள் அவர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு. உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தால், 45 நாளுக்கு மேல் இழுத்தடிப்பவரிடம் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்கலாம். பதிவு இலவசம், ஆனால் வேலையை ஏற்பதற்கு முன்பே பதிந்திருங்கள். அடுத்த கடிதத்தில் தேதியைப் போட்டு எழுதுங்கள்.