கல்லறை ஓவியங்களின் நகல்கள் – கடிதம்

வணக்கம்.

நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். எகிப்தியக் கல்லறை ஓவியங்கள் முன்னால் சொக்கிப்போய் நின்றுவிட்டேன். குறிப்பைப் படித்தால், எல்லாம் நூறு வருடம் முன்பு தாளில் வரைந்த நகல்களாம். சப்பென்று ஆகிவிட்டது. மூலம் எகிப்தில் லக்சர் நகரில் இருக்கிறது, நல்ல புகைப்படமும் கிடைக்கிறது. அப்புறம் நகலை எதற்கு மாட்டிவைக்கிறார்கள்?

ர., நியூஜெர்சி

அன்புள்ள ர.,

குறிப்பைப் படிக்கும்வரை சொக்கி நின்றீர்கள் அல்லவா, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

அங்குள்ள நகல்களில் நிறைய நீனா டேவிஸ் என்ற ஓவியர் வரைந்தவை. அவரும் கணவர் நார்மனும் அந்த அருங்காட்சியகத்துக்காகத் தீப்ஸ் (லக்சரின் பழைய பெயர்) கல்லறைகளில் பல ஆண்டுகள் வேலை செய்தார்கள். அன்றைய புகைப்படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. வண்ணம் வேண்டுமென்றால் யாராவது சுவர் முன் உட்கார்ந்து வரைந்தாக வேண்டும்.

நீர்வண்ணத்தில் தாளின் வெண்மை ஊடே தெரியும், சுவரின் கனம் வராது. அதனால் நீனா டெம்பரா என்ற முட்டை கலந்த வண்ணத்துக்கு மாறினார். பின்னணி, அதன்மேல் உடல், உடை, கடைசியில் எல்லைக்கோடு என்று பழைய ஓவியன் போன வரிசையிலேயே அவரும் போனார். கேமராவுக்கு இந்த வரிசை தெரியாது.

மேனா என்ற அதிகாரியின் கல்லறையை எடுத்துக்கொள்ளுங்கள். மனுஷன் குடும்பத்தோடு படகில் நின்று பறவை வேட்டையாடுகிறார். பாப்பிரஸ் நாணல் புதரிலிருந்து பறவைகள் சிதறுகின்றன. ஆனால் மேனாவுக்கு முகம் இல்லை. பிடிக்காத யாரோ பின்னாளில் கொத்திவிட்டார்கள், மறுமையில் கண் தெரியக் கூடாதென்று இருக்கலாம். நீனா 1924இல் எடுத்த நகலில் அந்த இடம் கொத்தின மேனிக்கே இருக்கிறது. அவர் நினைத்திருந்தால் அழகான மூக்கும் கண்ணும் போட்டிருக்க முடியாதா?

அதற்காக நகலை அப்படியே நம்பவும் வேண்டாம். சில இடங்களில் சின்னச் சேதங்களை அவர் சரிசெய்துதான் வரைந்தார். என் கண்ணுக்கு அவை கொஞ்சம் அதிகச் சுத்தம்.

நகலெடுக்கிறேன் என்று சுவரையே கெடுத்தவர்களும் உண்டு. எகிப்திய மன்னர் முதலாம் சேத்தியின் கல்லறையில் 19ஆம் நூற்றாண்டில் ஈரத்தாளை அழுத்தி அச்செடுத்தார்கள். தாளோடு சேர்ந்து வண்ணமும் வந்துவிட்டது. நீனாவின் தூரிகை பட்டது தாளில் மட்டும்தான்.

இன்று பார்க்க வருகிறவர்களின் மூச்சு ஈரமே சுவருக்குக் கேடு. மன்னர் துட்டன்காமன் கல்லறையை ஸ்கேன் செய்து, அதே அளவில் ஒரு நகலை 2014இல் லக்சரிலேயே திறந்தார்கள், ஹோவார்ட் கார்ட்டர் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில். அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்த கார்ட்டரும் 17 வயதில் எகிப்துக்கு வந்தது நகல் வரையத்தான்.