சிறிய வடிவமைப்புக் குழு ஒன்று நிலைபேறான வடிவமைப்புக்கு அளவிடக்கூடிய இலக்குகளை எப்படி வைப்பது?

ஐந்தாறு பேர் உள்ள அலுவலகம், வீடுகளும் சிறு விடுதிகளும் வரைகிறீர்கள். "இந்த வருடம் எல்லா வேலையையும் நிலைபேறாகச் செய்வோம்" என்று தீர்மானம் எடுத்தீர்கள். வருட முடிவில் செய்தோமா இல்லையா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எதை இலக்காக வைப்பது, யார் கணக்கு வைத்திருப்பது, மென்பொருள் ஏதும் வாங்க வேண்டுமா? உங்கள் கேள்வியை இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

நானும் திருகோணமலையில் அப்படியொரு அலுவலகத்தில்தான் இருக்கிறேன். எங்களிடம் வரும் வேலையில் பெரும்பகுதி உப்புவெளி, நிலாவெளிக் கரையோர விடுதிகள். உதாரணங்களும் அங்கிருந்துதான் வரும்.

இலக்கு எழுத உட்கார்ந்தால் 20 வீதமா 30 வீதமா என்றுதான் எல்லோரும் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியம், அந்த எண்ணை எதால் வகுக்கிறோம் என்பது. "மின்சாரத்தை 20 வீதம் குறைப்போம்" என்றால் ஒரு சதுர அடிக்கா, ஒரு அறைக்கா, ஒரு விருந்தாளி தங்கும் ஓர் இரவுக்கா?

இது வெறும் கணக்கு நுணுக்கம் அல்ல. எங்கள் கரையில் விடுதிகள் நிறைவது மே முதல் செப்டெம்பர் வரை. வாடை மழை தொடங்கியதும் அறைகள் காலியாகிவிடும். நவம்பர், டிசம்பர் மாதப் பில்லைக் கொண்டுவந்து "பாருங்கள், எவ்வளவு குறைந்திருக்கிறது" என்று மகிழ்ந்தால், அந்தப் பெருமை மழைக்குப் போக வேண்டியது, வடிவமைப்புக்கு அல்ல. சதுர அடியால் வகுத்தால் காலியான விடுதிதான் உலகத்திலேயே சிறந்த பசுமைக் கட்டடம். அதனால் விடுதிக்கு மின்சாரத்தையும் தண்ணீரையும் விருந்தாளி இரவால் வகுக்கிறோம், ஒரு மாதத்தைப் போன வருடத்து அதே மாதத்தோடு மட்டுமே ஒப்பிடுகிறோம். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் சதுர அடி போதும்.

அடுத்தது அடிப்படை ஆண்டு, அதாவது எந்த வருடத்தோடு ஒப்பிடுவது என்பது. 2020, 2021 கொரோனாவில் போனது. 2022 ஆம் ஆண்டும் சரிவராது. அந்த வருடம் மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது, ஜெனரேட்டரில் எரித்த டீசல் மின்சார சபையின் பில்லில் வராது. டீசல் கணக்கு இருந்தால் ஒரு லீட்டருக்கு ஏறத்தாழ 3 யூனிட் என்று சேர்த்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அந்த வருடத்தை விட்டுவிடுங்கள். கூரையில் சோலார் போட்டிருந்தால் இன்னொரு பொறி இருக்கிறது. வெளியே கொடுத்த மின்சாரத்தை வாங்கியதில் கழிக்கும் நெட் மீட்டரிங்கில் பில் வருவது மிஞ்சியதற்கு மட்டும். கட்டடம் தின்றது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் சோலார் உற்பத்தி மீட்டரையும் பார்க்க வேண்டும். நெட் மீட்டர் பில் பூச்சியம் என்பதால் குளிரூட்டி நாள் முழுக்க ஓடவில்லை என்று அர்த்தமில்லை.

தண்ணீரில்தான் ஏமாற்றும் இலக்குகள் அதிகம். "எல்லாத் திட்டத்திலும் மழைநீர் சேகரிப்பு வைப்போம்" என்பது உண்டு, இல்லை என்று சரி போடும் இலக்கு. நம் ஊர் மழைக்கு அது எதையும் சொல்லாது. மழை வரும்போது ஆள் இல்லை, ஆள் வரும்போது மழை இல்லை. 2,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது போக சுமார் 15,000 லீட்டர் கிடைக்கும். ஒரு நல்ல மழைக்கே 10,000 லீட்டர் தாங்கி நிரம்பி வழியும். ஆகவே கூரை எங்களுக்குப் பிரச்சினை இல்லை, சேமிப்புத்தான் பிரச்சினை. எங்கள் இலக்கு இப்போது "மழையில்லாமல் எத்தனை நாள் தாங்கும்" என்பது. 20 விருந்தாளிகள், ஆளுக்கு 200 லீட்டர் என்று வைத்துக்கொண்டால் அந்தத் தாங்கி இரண்டரை நாளில் காலி. அதே தண்ணீரை மலசலகூட ஃபிளஷுக்கு மட்டும், ஆளுக்கு 30 லீட்டர் என்று விட்டால் பதினாறு நாள் வரும். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தாலே குழாயை எங்கே பிரிப்பது என்ற விவாதம் தானாக முடிந்துவிடும். மணல் கரையில் கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறும் என்று உரிமையாளருக்கும் தெரியும், அதனால் இந்த எண்ணை அவர்களும் காதுகொடுத்துக் கேட்கிறார்கள்.

சரி, பில் வருவது கட்டி முடித்து ஒரு வருடம் கழித்து. அப்போது சுவரை நகர்த்த முடியாது. பென்சில் கையில் இருக்கும்போதே பார்க்கக்கூடிய எண் வேண்டும். நாங்கள் வைத்திருப்பவை இரண்டு.

ஒன்று, நிழல் இல்லாத கிழக்கு, மேற்குக் கண்ணாடியின் பரப்பு. நிலாவெளியில் கடல் கிழக்கே. எல்லா உரிமையாளரும் கடல் தெரியத் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி கேட்பார்கள், காலை வெயில் நேராகக் கட்டிலில் விழும். தாழ்ந்த சூரியனைச் சிறு சன்ஷேட் மறைக்காது, ஆழமான விறாந்தையோ மரமோ நிலைக்குத்துத் தட்டியோ வேண்டும். மேற்கில் குளியலறையையும் அலுமாரிகளையும் தள்ளிவிட்டால் கச்சான் காற்றுக் காலத்துப் பின்னேர வெக்கை அவற்றோடு நின்றுவிடும். படவரைஞர் பிளானை வைத்துப் பத்து நிமிடத்தில் இந்தப் பரப்பைக் கூட்டிவிடலாம்.

இரண்டாவது, ஒரு டன் குளிரூட்டிக்கு எத்தனை சதுர அடி. இங்கே டன் என்பது எடை அல்ல, குளிர்விக்கும் திறன்; 12,000 பிடியூ ஒரு டன். 150 சதுர அடி அறைக்கு 12,000 பிடியூ இயந்திரம் கேட்டால் டன்னுக்கு 150. கூரைக்குக் கீழ் காப்புப் போட்டு, கண்ணாடிக்கு நிழல் கொடுத்து 9,000 பிடியூவில் சமாளித்தால் டன்னுக்கு 200. எண் ஏற ஏற நல்லது. இங்கே சித்திரைப் புத்தாண்டு நேரத்தில் மத்தியானச் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கும், அதனால் சுவரைவிடக் கூரைக்குச் செலவழிப்பதில் இந்த எண் வேகமாக ஏறுகிறது. மின் வேலைகளைப் பார்க்கும் பொறியியலாளர் இதை எப்படியும் கணக்குப் போடுகிறார். புதிதாக அவருக்கு எந்த வேலையும் கொடுக்கவில்லை. இலக்கைத் தெரிவு செய்ய இதுவே நல்ல வழி என்பேன். யாரோ ஒருவர் ஏற்கெனவே எழுதிவைக்கும் எண்ணாக இருக்க வேண்டும். தனியாகப் படிவம் நிரப்பச் சொன்னால் இரண்டு மாதத்தில் அது நின்றுபோகும்.

கட்டுமானப் பொருளில் "உள்ளூர்ப் பொருள் இத்தனை வீதம்" என்ற இலக்கை நான் விரும்புவதில்லை. சீமெந்து நம் சீனக்குடாப் பக்கமே அரைபடுகிறது, தூரக் கணக்கில் அருமையான உள்ளூர்ப் பொருள். ஆனால் சீமெந்தின் காபன் வெளியேற்றத்தில் பெரும்பங்கு கிளிங்கர் (அரைத்துச் சீமெந்தாக்கும் சுட்ட கட்டி) சுடும் சூளையில், சுண்ணாம்புக்கல் பிரியும்போதும் எரிபொருள் எரியும்போதும் வருவது. லொறியில் வருவது சிறு பங்குதான். ஆகவே 100 சதுர அடிக்கு எத்தனை மூட்டை சீமெந்து, எத்தனை கிலோ கம்பி என்று பார்க்கிறோம். நிலக்கரிச் சாம்பல் கலந்த சீமெந்தைத் தனி வரியில் எழுதுகிறோம், அதில் கிளிங்கர் குறைவு. இந்த அளவுகள் அளவுக் கணிப்பாளரின் தாளில் ஏற்கெனவே இருக்கின்றன.

எத்தனை வீதம் என்று வெளியே ஒரு அளவுகோல் வேண்டுமானால், உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. நடத்தும் எட்ஜ் சான்றிதழைப் பாருங்கள். சக்தி, தண்ணீர், கட்டுமானப் பொருளைச் செய்வதில் வெளியாகும் காபன் மூன்றிலும் அந்தந்த ஊரின் வழமையான கட்டடத்தைவிட 20 வீதம் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. அவர்களின் கணிப்பானை இணையத்தில் இலவசமாகப் பயன்படுத்தலாம். சான்றிதழுக்குப் பணம் கட்டாவிட்டாலும் ஒத்திகைக்கு நல்லது.

ஆனால் ஒரே ஒரு கட்டடத்தை அழகாகச் செய்து காட்டிவிட்டு மற்றதை மறப்பதுதான் எங்கள் தொழிலின் பழக்கம். பசுமை என்றவுடன் தம்புள்ளைக்குப் பக்கத்தில் ஜெஃப்ரி பாவா வரைந்த கண்டலம ஹோட்டலைக் காட்டுவோம். அது அருமையான கட்டடம், அதில் சந்தேகமில்லை. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கம் 2009 இல் தொடங்கிய 2030 உறுதிமொழி இதற்கு மாற்று வழி காட்டியது. சேரும் அலுவலகம் தன் எல்லா வேலைகளின் கணித்த சக்திப் பயன்பாட்டையும் வருடாவருடம் கொடுக்க வேண்டும், மோசமானவை உட்பட. குறைப்பு இலக்கு 2020 இல் 80 வீதம், 2025 இல் 90, 2030 இல் காபன் சமநிலை. அந்த எண்கள் நமக்குப் பொருந்தாமல் போகலாம். எல்லா வேலைகளையும் பரப்பளவுக்கேற்பச் சேர்த்துச் சராசரி பார்க்கும் முறை கட்டாயம் பொருந்தும். சின்ன வீட்டில் கிடைத்த வெற்றி பெரிய விடுதியின் தோல்வியை மறைக்காது.

குழுவுக்குள் சண்டை வராமலிருக்கக் கணக்குத் தாளில் ஒரு நிரல் சேர்த்துக்கொள்ளுங்கள்: "சொன்னோம், உரிமையாளர் வேண்டாம் என்றார்." இது இல்லாவிட்டால் கண்ணாடிச் சுவர் கேட்ட முதலாளியின் கணக்கு படவரைஞர் தலையில் விழும். அதேபோல இந்த எண்களைத் தனி ஆளின் சம்பள உயர்வோடு கட்டாதீர்கள். கட்டினால் கண்ணாடிப் பரப்பு வரைபடத்தில் மட்டும் குறையும், சைட்டில் குறையாது. ஒவ்வொரு எண்ணுக்கும் பொறுப்பாக ஒரு பெயர் இருக்கட்டும். அந்த ஆள் எண்ணைக் கொண்டுவருவதற்குப் பொறுப்பு, எண் நன்றாக இருப்பதற்கு முழுக் குழுவும் பொறுப்பு.

எப்போது பார்ப்பது? மாதாந்தக் கூட்டம் வைக்காதீர்கள், ஒரு மாதத்தில் எதுவும் மாறியிருக்காது. முதல் மாதிரி வரைபடம் உரிமையாளருக்குப் போகும் முன் ஒருமுறை, உள்ளூராட்சிச் சபை அனுமதிக்குப் போகும் முன் ஒருமுறை, கொங்கிரீட் போடும் முன் ஒருமுறை. அப்புறம் ஒப்படைத்து ஒரு வருடம் கழித்துப் பில்லோடு. அந்தக் கடைசிக்கு ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள்: பன்னிரண்டு மாத மின், தண்ணீர்ப் பில்லும் அறைப் பதிவுக் கணக்கும் தருவோம் என்று. வேலை முடிந்த பிறகு கேட்டால் கணக்கை யாரும் தரமாட்டார்கள், வரிக்காரர் வந்துவிட்டாரோ என்று பார்ப்பார்கள்.

மென்பொருள் வாங்க வேண்டாம். எக்செல் தாள் ஒன்று, திட்டத்துக்கு ஒரு வரி, கணித்ததும் உண்மையில் வந்ததும் பக்கத்துப் பக்கத்தில். பழைய வாடிக்கையாளர் யாரிடமாவது பில் கேட்டு வாங்க முடிந்தால் முதல் வரியை இந்த வாரமே நிரப்பலாம்.